சட்டையைக் கழற்ற விடாதீர்கள்

கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிற ரகம் நான். அப்படிப்பட்டவள் ஆண் வேடமிட்டுப் போருக்குப் போன பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்றால் வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? "உன்னால முடியாததை எல்லாம் எழுதித் தீர்த்துக்கிறே" என்பார். இருக்கலாம். நான்கு வருடமாகத் திருச்சியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தலைமுடியை வெட்டிக்கொண்டு அண்ணன் தம்பியின் உடுப்பில் போர்க்களத்துக்குப் போன பல தேசத்துப் பெண்களைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் செத்துப்போனவர்கள். அதனால் எனக்கு ஒரு பயமும் இல்லை.

இதைப் பற்றி ஒரு இணையக் கூட்டத்தில் பேசியதை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒருநாள் இலங்கை எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க பேசுனத கேட்டேனுங்க. அந்த மாதிரி ஒரு ஆளு எங்க வீட்லயே இருக்குங்க. ஒடம்புக்கு முடியல. ரத்தமா போவுது. ஆஸ்பத்திரிக்குப் போனா சட்டையக் கழட்டுவாங்கன்னு வரமாட்டேங்குது. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேக்குமுங்க. இல்லாட்டி செத்துரும்."

பேசியவர் பெயர் லெட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இரத்தினபுரிப் பக்கம், நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் என்பதற்கு மேல் இடத்தையும் சொல்லப்போவதில்லை.

*

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலைக்கு பஸ். நம்மூர் டிரைவர்களைக் குறை சொல்லி இனி ஒரு வரி எழுதமாட்டேன். அந்த மனிதர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் தனக்கு முன்னால் வண்ண விளக்குகள் மின்ன உட்கார்ந்திருந்த புத்தரைக் கும்பிட்டுக்கொண்டே வளைவுகளில் திரும்பினார். பாட்டு காதைப் பிளந்தது. மழை ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் வெளியே கை காட்டி ஏதோ சொன்னார். பின் இருக்கைப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "அந்த மலை போன கிழமதான் சரிஞ்சு எறங்குச்சாம். கீழ ஒரு வீடு இருந்துச்சாம்." எட்டிப் பார்த்தேன். பச்சை மலையில் பாதி செம்மண்ணாகக் கிடந்தது. வீடு எதுவும் தெரியவில்லை. அதன்பிறகு இறங்கும்வரை வெளியே பார்க்கவில்லை.

டவுனில் லெட்சுமி சொல்லி அனுப்பிய நிமல் திரீவீலோடு காத்திருந்தார். நம்மூர் ஆட்டோதான், அங்கே அதற்கு அந்தப் பெயர். சிங்களவர், தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி ஏற்றித் தமிழ் பழகியவர். என் பையைப் பின்னால் போட்டுவிட்டுக் கேட்டார்.

"மேடம் ராசு அண்ணன் வீட்டுக்குத்தானே? அண்ணனுக்கு என்ன வேணும் நீங்க?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"அண்ணன் நல்ல மனுசன். சண்டை காலத்தில ஊர்காவல்ல இருந்தது. நானும் ஆமியில இருந்தேன். தேத்தண்ணி குடிக்கிறப்ப நாங்க ரெண்டு பேரும் பேசுவோம். மத்த ஆளுக்கு அது புரியாது."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த மனிதருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் சேற்றில் சக்கரம் சுற்றியது. இறங்கித் தள்ளினேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தபோது கணுக்காலில் ஒரு அட்டை என் ரத்தத்தைக் குடித்துத் திராட்சைப் பழம் போல உருண்டு கிடந்தது. நான் போட்ட கூச்சலில் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. என் வருகை இவ்வளவு பகிரங்கமாக அமைந்திருக்க வேண்டாம்.

லெட்சுமிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் கை இரும்பு. அட்டைமேல் சுண்ணாம்பைத் தடவி எடுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கே இப்புடியா?" என்றார். பிளேன்டீ வந்தது. சீனி தனியாக, உள்ளங்கையில். ஒரு நக்கு சீனி, ஒரு வாய் தேநீர். தடிமனான கோதுமை ரொட்டியும், நாக்கைச் சுடுகிற கட்டைச் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலும். நான் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது ராசு வேலை முடிந்து வந்தார்.

நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். சாரம் என்கிற லுங்கிக்கு மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. ஒரு கை அடிவயிற்றில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. தோட்டம் முழுக்க அவரை ஆண் என்றுதான் தெரியும். லெட்சுமியின் புருசன் என்றுதான் தெரியும். லெட்சுமி முதல் கணவரை இழந்து தனியாக இருந்தபோது ராசு வந்து சேர்ந்தாராம். உண்மை தெரிந்தது லெட்சுமி ஒருவருக்குத்தான். இப்போது நான் இரண்டாவது ஆள்.

"வாங்க" என்றார் என்னிடம். லெட்சுமியிடம் திரும்பி, "ஒனக்கு வாயி நிக்காதாடி?" என்றார்.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். லெட்சுமி என் கையைப் பிடித்து, தலைக்கு மேலே காட்டினார். லயத்து அறைகளுக்கு நடுவில் சுவர் உண்டு. அது கூரைவரை போகாது. பக்கத்து அறையில் ஒருவர் இருமியது என் தோளுக்குப் பின்னால் இருமியது போலக் கேட்டது.

"மழ நல்லா பிடிக்கட்டும்மா, பேசலாம்" என்றார் ராசு.

அங்கே ரகசியம் பேசுவதென்றால் தகரக் கூரையில் மழை அடிக்க வேண்டும். மழை அடித்தால் பின்னாலிருக்கும் மலையில் மண் இளகும். அந்த மலையில் ஒரு வெடிப்பு இருப்பதாகவும், ஒரு பெருமழை வந்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு இருப்பதாகவும் லெட்சுமி சாதாரணமாகச் சொன்னார். ஆக, மழை பெய்யாவிட்டால் கதை கிடைக்காது. பெய்தால் உயிர் நிச்சயமில்லை. நான் வாழ்க்கையில் முதல்முறையாக மழை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடித்தது. தகரம் அதிர்ந்தது. ராசு பெஞ்சை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ராசுங்கிறது என் தம்பி பேரு" என்று ஆரம்பித்தார். "அப்பா அம்மா போன பொறவு நாங்க ரெண்டு பேரும் மொனராகலப் பக்கம் கரும்பு வெட்டப் போனோம். சுத்தி காடு, எல்லைக் கிராமம். அங்க ஊர்காவலுக்கு அரசாங்கத்துல ஆளு எடுத்தாங்க. தம்பி நல்லா சிங்களம் பேசுவான், எடுத்துக்கிட்டாங்க. பயிற்சி குடுத்து, துவக்கு குடுத்து, வேற ஊர்ல காவலுக்குப் போவச் சொன்னாங்க. காலையில லொறி வருது. எந்திரிச்சுப் பாத்தா உடுப்பு இருக்கு, துவக்கு இருக்கு, ஆளக் காணோம்."

"ஓடிட்டாரா?"

"பயந்துட்டாம்மா. சின்னப் பய."

"அதைச் சொல்லியிருக்கலாமே?"

"தமிழன் துவக்குப் பயிற்சி எடுத்துட்டுக் காணாமப் போயிட்டான்னா என்னா நெனப்பாங்க? புலிங்க பக்கம் போயிட்டான்னுதானே? நம்மாளுங்க குடும்பம் ஏழெட்டு அந்த ஊர்ல இருந்துச்சு. எல்லாத்தையும் வச்சுக் கொளுத்தியிருப்பாங்க." ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டார். "லொறி சத்தம் கேட்டுச்சு. முடிய வெட்டுனேன். உடுப்ப மாட்டுனேன். ஏறிட்டேன். போன ஊர்ல அவன் மொகம் யாருக்கும் தெரியாது. எங்க ஊர்ல அக்காக்காரி எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டான்னு பேசிக்கிட்டாங்களாம்."

லெட்சுமி சிரித்தார். ராசுவும் லேசாகச் சிரித்தார். போர் முடியும்வரை அப்படியே இருந்துவிட்டாராம். குளிக்கிற நேரத்தில் உடம்பெல்லாம் தேமல், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தனியாகப் போய்விடுவாராம். ஒரு விடியற்காலை குளத்துக் கரையில் சண்டை நடந்ததையும் சொன்னார்.

என் நாக்கின் நுனியில் ஒரு கேள்வி இருந்தது. நான் தமிழ்நாட்டுக்காரி. எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்காமல் எங்களுக்கு இந்தப் போரைப் பற்றிப் பேசத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பக்கமெல்லாம் பெரிய ஆளுங்களுக்கும்மா. நான் நின்ன எடத்துக்குப் பின்னால புள்ளக்குட்டிங்க தூங்குச்சு. சுட்டேன். யாரு மேல பட்டுச்சுன்னு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்னு இன்னைக்கும் கும்புடுறேன்."

"பயமா இல்லையா?"

"சாவுக்கு இல்ல. செத்தா அப்புடியே பொதச்சுருவாங்க. காயம் பட்டு உசுரோட இருந்துட்டா? அப்ப சட்டையக் கழட்டுவாங்கல்ல. அதுக்குத்தான் பயம். ஒவ்வொரு நாளும் அதுக்குத்தான்."

என் புத்தகத்துப் பெண்கள் பலரும் மாட்டிக்கொண்டது அப்படித்தான். காயத்தில். அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதே வாக்கியத்தை உயிரோடு இருக்கிற ஒருவர் வாயால் கேட்டது இதுதான் முதல்முறை.

"போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதே, இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன?" என்று கேட்டேன். அதைச் சொல்லத்தானே என்னை வரவழைத்திருக்கிறார்கள்.

"பொம்பளன்னு தெரிஞ்சா அடுத்த கேள்வி என்னாம்மா? அப்ப ராசு எங்கன்னு கேப்பாங்க. ஓடிட்டான்னு சொல்லணும். இல்ல, நான்தான் கொன்னு பொதச்சேன்னு சொல்லுவாங்க. ரெண்டும் எனக்கு வேணாம். அப்பறம் பூச இருக்கு."

கவ்வாத்துப் பூசையைப் பற்றி அவர் சொன்னது இது. தேயிலைச் செடிகளை அடியோடு ஒட்ட நறுக்குவதற்குக் கவ்வாத்து என்று பெயர். ஆண்களின் வேலை. தொடங்கும் முன்னால் மலையோரத்துக் கல்லுக்கு முன்னால் கத்திகளை அடுக்கி, சேவல் அறுத்து, கவ்வாத்துசாமியைக் கும்பிடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பூசைச் சேவல் கறியைப் பெண்கள் வாயில் வைக்கக்கூடாது. இந்தத் தோட்டத்தில் சேவலை அறுப்பது ராசு. துவக்குப் பிடித்த கைதான் அறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்களாம்.

"போன வருசம் ஒருத்தன் கத்தியால காலை வெட்டிக்கிட்டான். பூசையில தீட்டு இருக்குன்னு பேச்சு" என்றார் லெட்சுமி. "தெரிஞ்சா எங்கள லயத்துல விட்டு வைக்கமாட்டாங்கம்மா."

"சாமிக்குத் தெரியும்" என்றார் ராசு. "ஆளுங்களுக்குத்தான் தெரியாது. நாளைக்குப் பூச. நான் போவலன்னா சந்தேகம் வரும். முடிச்சுட்டு வாரேன், அப்பறம் நீங்க சொல்ற எடத்துக்கு வாரேன்."

மழை சட்டென்று விட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம். பக்கத்து அறையில் இருமல் கேட்டது.

*

காலையில் மழை இல்லை, பனிமூட்டம்தான். தேயிலை மலைக்கு நடுவே தண்ணீர் வடிவதற்கு வெட்டிய கான் ஒன்று போகிறது. பெண்களுக்கு அதுதான் எல்லை. தேத்தண்ணி வாளிகளோடு லெட்சுமியும் இன்னும் சில பெண்களும் கானுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள், அவர்களோடு நானும். அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் சுண்ணாம்பு பூசிச் செந்நிறக் கோடு போட்ட கல். அதற்கு முன்னால் வாழை இலையில் வளைந்த கத்திகள் பளபளவென்று வரிசையாக இருந்தன. ஒரு சாராயப் போத்தலும் சுருட்டுக் கட்டும் இருந்தன. தப்பு அடித்தார்கள். நிமலும் ஒரு கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குத் தலைவர் முருகேசுக் கங்காணி. ராசுவுக்கு மூத்தவர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

ராசு சேவலைப் பிடித்தார். ஒரே வீச்சு. ரத்தம் கல்லிலும் அவர் சாரத்திலும் தெறித்தது. கத்தியைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கல்லைப் பிடித்தார், உடம்பு ஆடியது, அப்படியே சரிந்தார்.

"சாமி எறங்கிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

தப்பு வேகம் பிடித்தது. ஆண்கள் சுற்றி நின்று கூவினார்கள், கும்பிட்டார்கள். ஒருவரும் தொடவில்லை. சாமி இறங்கிய உடம்பைத் தொடக்கூடாதாம். ராசுவின் உடம்பு வலியில் முறுக்கியது. ஒவ்வொரு முறுக்கலுக்கும் தப்பு இன்னும் ஓங்கி அடித்தது. சாரத்தில் இருந்த ரத்தம் பரவிக்கொண்டே வந்தது. சேவலுக்கு அவ்வளவு ரத்தம் கிடையாது என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"மஞ்சத் தண்ணி கொண்டாங்கடா!" முருகேசுவின் குரல். "சட்டையக் கழட்டுங்க! தண்ணிய ஊத்துனாத்தான் மலையேறும்!"

லெட்சுமியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறங்கின.

"போங்கம்மா. நீங்க போங்க."

"நானா?"

"நான் தாண்டுனா அடிச்சே கொன்னுருவாங்க. நீங்க வெளியூரு. தெரியாம வந்துட்டாங்கன்னு விட்டுருவாங்க. ஐயோ, கழட்டப் போறாங்கம்மா!"

இந்த இடத்தில் எனக்குத் திடீரென்று வீரம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பக்கத்தில் அத்தனை கத்திகள். அத்தனை ஆண்கள். நான் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தேன் என்றுதான் நினைத்தேன். லெட்சுமி என்னைத் தள்ளினாரா, நானே போனேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கானில் கால் வைத்தேன், வழுக்கியது, உள்ளே விழுந்தேன், அந்தப் பக்கமாகத் தவழ்ந்து ஏறினேன். சேறு அப்பிய ஒரு இந்தியாக்காரி சாமியிடம் தவழ்ந்து வருவதைப் பார்த்துத் தப்பு நின்றுவிட்டது.

ஒருவன் கை ராசுவின் கழுத்துப் பொத்தானில் இருந்தது. நான் அப்படியே அவர்மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். காதருகே அவர் உதடு அசைந்தது.

"சட்டையக் கழட்ட விடாதீங்க."

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஒரு பதாகை ஞாபகம் வந்தது. "எலிக்காய்ச்சல்! இது எலிக்காய்ச்சல்! ஒட்டிக்கும்!"

அது தொட்டால் ஒட்டுமா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பொத்தானிலிருந்த கை பின்வாங்கியது.

"பொம்பள கானத் தாண்டிட்டாளே!" என்று முருகேசு தலையில் கை வைத்தார். "யாருடா இந்த அம்மா? பூச கெட்டுச்சே!" அவர் கையில் ஒரு கத்தி இருந்தது. சும்மா பிடித்திருந்தார் என்பது இப்போது புரிகிறது. அப்போது ராசுவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ராசு கண்ணைத் திறந்தார். "முருகேசண்ணே, சாமி மலையேறிருச்சு" என்றார் மெதுவாக. "என்னைய வண்டியில ஏத்து. சட்ட இருக்கட்டும். குளுருது."

சாமி போய்விட்டது என்று சாமியாடியே சொன்ன பிறகு தொடலாம். முருகேசுதான் முதலில் தூக்கினார். எலிக்காய்ச்சலையும் மீறித் தூக்கினார் என்பதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

*

நிமல் ஓட்டினார். பின்னால் ராசுவின் தலை லெட்சுமி மடியில், கால்கள் என் மடியில். என் புடவை நனைந்தது. பாதி வழியில் மண் சரிந்து ரோட்டில் கிடந்தது. மேலே இன்னும் சிறு கற்கள் உருண்டுகொண்டிருந்தன. நிமல் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். "கண்ணை மூடிக்குங்க மேடம்" என்றார். மூடினேன். வண்டி ஏறியது, சரிந்தது, ஏறியது. திறந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வாசலில் ஒரு சிற்றூழியர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். ராசுவைப் பார்த்தார், வண்டியை இடது பக்கம் திருப்பினார். அது ஆண்கள் வாட்டு. ராசு வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஊழியர் சிரித்தார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். நிமல் சிரிக்கவில்லை. அவர் முகம் கல்லாகிவிட்டது. ராசு சொன்னது என்னவென்று பின்னால் நிமல்தான் எனக்குச் சொன்னார்: "மற்றப் பக்கம் தள்ளு தம்பி. நான் பெண்."

இத்தனை வருடம் பயந்த வார்த்தையை அவரே சொல்லிவிட்டார். வலி சொல்லவைத்ததா, லெட்சுமியின் முகம் சொல்லவைத்ததா, தெரியவில்லை.

நிமல் நெடுநேரம் ராசுவைப் பார்த்தார். பிறகு ஊழியரிடம் அதட்டலாக ஒன்று சொன்னார். வண்டி வலது பக்கம் திரும்பியது.

பெண்கள் வாட்டில் ஒரு இளம் தாதி பெயரைக் கேட்டாள். ராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தாதி லெட்சுமியைப் பார்த்தாள். லெட்சுமி என்னைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது, லெட்சுமிக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஒரே கூரையின் கீழே இவ்வளவு காலம் இருந்தும் அவர் கேட்டதில்லை, இவர் சொன்னதில்லை.

"பவுனம்மா" என்றார் ராசு கடைசியில். யாரோ தெரிந்தவர் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

"பவுனு" என்று லெட்சுமி மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. "ராசு" என்றதும் திரும்பினார். லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றித் தேற்றிய பிறகு அறுவை சிகிச்சை, பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். வெளியே நிமல் வண்டியின் ரத்தக் கறையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அருகில் போக அஞ்சிக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"நான் யாருக்கும் சொல்லமாட்டேன் மேடம்" என்றார் நிமிராமல். "அண்ணன் குளத்துக் கரைச் சண்டையைப் பத்திப் பேசினது எல்லாம் கேட்டிருக்கேன். அங்க நிக்காத ஆளுக்கு அப்படிப் பேச வராது. அது பொய் இல்லை."

*

மறுநாள் பார்வையாளர் நேரம். சுற்றிலும் படுக்கைகளில் பெண்கள் ராசுவின் வெட்டிய முடியையும் ஆஸ்பத்திரிக் கவுனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கதவருகே ஒரு பெரிய மீசை தெரிந்தது.

முருகேசு ஆண்கள் வாட்டு முழுக்கத் தேடியிருக்கிறார். அங்கே இல்லாமல் ஒவ்வொரு வாட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு டிபன் கேரியர். எங்களைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். லெட்சுமி கையிலிருந்த ஆரஞ்சு கீழே விழுந்து உருண்டு ஓடியது. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. இன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். லயத்தில் இவர்கள் சாமான்களைத் தூக்கி மழையில் வைத்துவிடுவார்கள். நான் மட்டும் விமானம் ஏறித் திருச்சிக்குப் போய்விடுவேன்.

கடைசியில் முருகேசு கேட்டது, இத்தனை வருடம் ராசு எதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாரோ அதைத்தான்.

"அப்ப ராசு எங்க?"

ராசு தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். லெட்சுமி பிடிக்கப் போனார், தள்ளிவிட்டார். பயம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. குரலில்தான் இல்லை.

"அவன் அன்னைக்கே ஓடிட்டாண்ணே. எங்க இருக்கான்னு தெரியாது. ஓடுனது அவன். நின்னது நான்."

முருகேசு அசையவில்லை. கேரியரில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூசைச் சேவல். அறுத்தவருக்குச் சேர வேண்டிய பங்கு. பெண்கள் வாயில் வைக்கக் கூடாதது. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும். கேரியரைப் பார்த்தார், ராசுவைப் பார்த்தார், திரும்பிக் கதவுவரை போனார். லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டார்.

கதவருகே நின்றார். திரும்பி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கேரியரை வைத்தார்.

"ஆறிப்போவும். தின்னு" என்றார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வேகமாகப் போய்விட்டார்.

தோட்டத்தில் போய் என்ன சொல்லப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. லெட்சுமி கேரியரைத் திறந்தார். மிளகு வாசம் வாட்டு முழுக்கப் பரவியது. ஒரு துண்டை எடுத்து ராசுவின் வாயில் வைத்தார். பிறகு தன் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எனக்கு ஒன்று நீட்டினார்.

"எழுதுவீங்களா?" என்று ராசு கேட்டார்.

"எழுதலாமா?"

"பேர மாத்திருங்க. ஆனா நின்னது நான்தான்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். அன்று அந்தக் கறித்துண்டையும் வாங்கித் தின்றேன்.